ஹாரன் அடிக்காத ரயில்

போன வியாழக்கிழமை பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில், அரியலூர் பஸ்ஸிலிருந்து டீ குடிக்க இறங்கப்போன ஒருவரின் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டேன். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சட்டைக்காரர் கலியபெருமாள். உடையார்பாளையத்துக்காரர், நான் வேலை பார்க்கும் சிமென்ட் ஆலையில் ஃபிட்டர்.

எனக்கென்ன பைத்தியமா? இல்லை. ஜப்பான் போய் வந்ததிலிருந்து இப்படி ஆகிவிட்டேன்.

ஆலைக்குப் புது மெஷின் வருகிறது. பார்த்துப் பழகி வரச்சொல்லி எங்கள் இருவரையும் அனுப்பினார்கள். அவருக்கு மெஷின் தெரியும். எனக்கு இங்கிலீஷ் தெரியும்... அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வழியனுப்ப வந்த அவர் மனைவி என்னிடம் வந்து, "அவருக்குத் தமிழ வுட்டா ஒண்ணும் தெரியாதுங்க சார். கையப் புடிச்சுக் கூட்டியாந்துடுங்க" என்றார். கண் கலங்கியிருந்தது. "நான் இருக்கேம்மா" என்றேன். சும்மா இருந்திருக்கலாம்.

அங்கே வார நாட்களில் கம்பெனி ஆள் கூடவே வருவார். ஞாயிற்றுக்கிழமை லீவு. இங்கிலீஷ் இருக்க பயமேன் என்று நாங்களாகவே ரயிலேறி ஊர் சுற்றக் கிளம்பினோம். ஒரு ஸ்டேஷனில் ரயில் நின்றது. பிளாட்பாரத்தில் குழாய் தெரிந்தது. "தண்ணி புடிச்சிட்டு வந்துடறேன் சார்" என்று பாட்டிலோடு இறங்கிவிட்டார்.

இதில் தப்பென்ன? நம் ஊரில் டிரைவர் ஹாரன் அடிப்பார், கண்டக்டர் கத்துவார், அதற்குப் பிறகும் "ஆள் வருது, ஆள் வருது" என்று நாலு பேர் நிறுத்துவார்கள். அங்கே லேசாக ஒரு மணி. நம் காதில் அதெல்லாம் ஏறுமா? கதவு தானாக மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கலியபெருமாள், கையில் பாட்டில்.

தங்கும் இடத்து விலாசம் என் பையில். அவருடைய பாஸ்போர்ட்டும் என் பையில் — பத்திரமாக இருக்கட்டும் என்று நான்தான் வாங்கி வைத்திருந்தேன்!

அடுத்த ஸ்டேஷனில் குதித்தேன். வெள்ளைக் கையுறை போட்ட ரயில்வேக்காரரிடம், "மை ஃப்ரெண்ட்... லாஸ்ட்..." என்றேன். அவர் குனிந்து வணங்கினார். சத்தமாகச் சொன்னேன். இன்னும் குனிந்தார். நான் கத்தக் கத்த அவர் குனிந்துகொண்டே போனார். அக்கம்பக்கத்தில் கேட்டால், எல்லோரும் கையை ஆட்டிவிட்டு விலகினார்கள்.

திரும்பிப் போகும் ரயில் ஒன்று எதிரே வந்து நின்றது. ஓடிப்போய் ஒரு காலை உள்ளே வைத்தேன். உடனே ஒரு சந்தேகம் — நான் அங்கே போக, அவர் கிளம்பி இங்கே வந்துவிட்டால்? காலை எடுத்துவிட்டேன். ரயில் போய்விட்டது. அந்த அம்மாவிடம் என்ன சொல்வேன்? தனியாகப் போய் எப்படி நிற்பேன்? பிளாட்பாரத்திலேயே அழுகை வந்துவிட்டது.

அப்போது கையுறைக்காரருக்கு ஒரு போன் வந்தது. கேட்டுக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார். போனை வைத்துவிட்டு, தன் மூக்குக்குக் கீழே விரலால் ஒரு மீசை வரைந்தார். இரண்டு நுனியையும் முறுக்கிக் காட்டினார். கலியபெருமாளின் மீசையேதான்! எனக்கு உயிர் வந்தது. அவரே என்னை அடுத்த ரயிலில் ஏற்றி, ஒரு விரலைக் காட்டினார். ஒரே ஸ்டேஷன்.

அங்கே நம் ஆள் ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் சாவகாசமாக உட்கார்ந்து, சர்க்கரை போடாத டீ குடித்துக்கொண்டிருந்தார். மேஜைமேல் ஒரு காகிதம். ரயில், உள்ளே வழுக்கையும் மூக்குக்கண்ணாடியுமாக நான், வெளியே மீசையோடு அவர். மெஷின் பாகங்களை வரைந்து பழகிய கை, கச்சிதமாக இருந்தது. தொலைந்தவரைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார்.

வட்டத்துக்குள் இருந்தது நான்.

"என்ன சொன்னீங்க ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட?"

"தமிழ்லதான் சார் சொன்னேன். எங்க சார் தொலஞ்சு போயிட்டாரு, ரொம்ப பயந்த சுபாவம், சீக்கிரம் கண்டுபுடிச்சுக் குடுங்கன்னேன். பாவம், தங்கமான மனுசன், ஒடனே போன் போட்டாரு."

மீதி நாட்களில் வழி கேட்டது எல்லாம் அவர்தான். நான் பின்னாலேயே போனேன்.

ஊர் திரும்பியதும் அவர் மனைவி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குக் கூச்சமாக இருந்தது. கலியபெருமாள் கொஞ்சமும் சிரிக்காமல், "சார் மட்டும் இல்லன்னா நான் தொலஞ்சே போயிருப்பேன்" என்றார்.

அந்த மனுஷனின் சட்டையைத்தான் போன வாரம் பிடித்தேன். "வுடுங்க சார். ஹாரன் அடிக்காம இங்க எந்த பஸ் கெளம்பிருக்கு?" என்றார்.

எனக்கும் தெரியும். ஆனாலும்... அவர் பாட்டுக்கு இறங்கிப் போய்விட்டால், என்னை யார் அரியலூருக்குக் கூட்டிக்கொண்டு போவது?