ஒட்டிய பக்கம்

கெண்டியின் மூக்கிலிருந்து எழும் ஆவியில் டலேந்தாவின் இடது கை புத்தகத்தைச் சாய்த்துப் பிடித்திருந்தது. வலது கை ஒட்டியிருந்த இரண்டு தடித்த பக்கங்களுக்கு நடுவே மழுங்கிய கத்தியை ஒரு நெல் அளவு நுழைத்துவிட்டுக் காத்திருந்தது. அவசரப்பட்டால் படம் உரிந்துவிடும்.

வாசல் காவலாளி ஹெதி எட்டிப் பார்த்தான். "புத்தகத்துக்கு ஜலதோஷமாக்கா? ஆவி புடிக்கிறீங்க?"

"பேசாம போடா. கத்தி நழுவிடும்."

டலேந்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

கடலோர ஊரான மஹ்தியாவில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள சின்ன நூலகத்தில் பதினோரு வருடமாக இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளுக்குப் படப் பாட்டுப் புத்தகம் காட்டுகிறாள். யாரும் சொல்லித்தரவில்லை. புத்தகத்தை நெஞ்சோடு வைத்துப் படத்தை வெளிப்பக்கம் காட்ட வேண்டும், குழந்தைகள் படத்தைக் கையால் தட்டி முடிக்கும் வரை பக்கம் திருப்பக் கூடாது என்பதெல்லாம் பாயில் உட்கார்ந்தே கற்றது.

புத்தகத்தின் நடுப்பக்கங்களில் ஓர் அப்பா மீன்கூடையோடு படகிலிருந்து இறங்குவார். "பாபா வந்தாச்சு" என்று பாய் முழுக்கச் சத்தம் போடும். ஜனவரியில் மீனவன் ரிதாவின் படகு கடலிலிருந்து திரும்பவில்லை. நாற்பதாம் நாள் கழிந்து அவன் மனைவி விதாத், இரண்டரை வயது மகள் யுஸ்ரைக் கூட்டிக்கொண்டு மறுபடி நூலகத்துக்கு வந்தாள். அன்று காலைதான் டலேந்தா அந்த இரண்டு பக்கங்களின் ஓரத்தில் பசை தடவி மூடினாள். பாட்டு ஆட்டுக்குட்டியிலிருந்து நேரே நிலாவுக்குத் தாவியது.

மற்ற குழந்தைகள் ஒரு வாரத்தில் மறந்துவிட்டார்கள். யுஸ்ர் மட்டும் தடித்துப்போன பக்கத்தை வந்து வந்து தட்டினாள். டலேந்தா சட்டென்று திருப்பிவிடுவாள். போன வெள்ளிக்கிழமை குழந்தை எழுந்தே வரவில்லை.

அன்று மகளுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டே விதாத் கேட்டாள்:

"அக்கா, அந்தப் பக்கத்த ஏன் ஒட்டினீங்க?"

"பாப்பா அழுவாளோன்னு..."

"வீட்டுல அவரு பேர எடுத்தாலே எல்லாரும் வாய மூடிக்கிறாங்க. அவ அப்பாவப் பாக்க இங்கதான் வந்துட்டிருந்தா. நீங்களும் மூடிட்டீங்களே."

குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். குழந்தை அழும் என்று டலேந்தா ஒருநாளும் பயப்படவில்லை. யுஸ்ரைப் பார்த்துக்கொண்டு அந்த வரியைப் பாடினால், அத்தனை தாய்மார் முன்னால் தானே அழுதுவிடுவோம் என்றுதான் பயந்தாள். தனக்காக ஒட்டிவிட்டுக் குழந்தைக்காக என்று சொல்லிக்கொண்டாள்.

பக்கம் பிரிந்தது. ஓரத்தில் கடல் ஒரு விரல் அகலத்துக்குப் பசையோடு போய்விட்டது. கூடையின் ஒரு மூலையும் போனது. அப்பாவின் முகம் பிழைத்திருந்தது. கிழிந்த இடத்தில் மெல்லிய தாள் ஒட்டி, மேலே கனமான அகராதிகளை அடுக்கி இரண்டு நாள் வைத்தாள். உரிந்துபோன கடலின் நீலத்தை வண்ணம் பூசி மறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மற்றவர்கள் வருமுன் விதாத்தையும் யுஸ்ரையும் வரச் சொல்லியிருந்தாள். பாயில் குழந்தைக்கு எதிரே மண்டியிட்டாள்.

"நான்தான் ஒட்டினேன் கண்ணு. தப்பு என்னோடது."

யுஸ்ர் அம்மாவைப் பார்த்தாள். விதாத் தலையசைத்தாள். டலேந்தா புத்தகத்தை நெஞ்சோடு வைத்துக்கொள்ளாமல் அந்தப் பக்கத்தை விரித்து, குழந்தையின் இரண்டு கைகளிலும் கொடுத்தாள்.