கீழ் வரிசைக் கூடாரங்கள்

வெர்லா ஹூக்ஸ்ட்ராவுக்குக் கோபம் பிறவிக் குணம் என்று டி மாயின் நகரத்துக்கு வடக்கே உள்ள ஊர்களில் சொல்வார்கள். அது பொய். முப்பத்துநாலு வயதுவரை அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் கரண்டி பிடித்தவள். வரிசையில் வரும் பிள்ளைகளுக்குச் சிரித்த முகத்தோடு பரிமாறியவள். அதன் பிறகுதான் அவள் கணவன் ஹார்லனுக்கு முதுகு போனது. அவன் ஓட்டிக்கொண்டிருந்த செப்டிக் டேங்க் லாரி ஒரு மாதம் வாசலில் சும்மா நின்றது.

"வித்துடறேன்" என்றான் ஹார்லன்.

"விக்க வேணாம். சாவியக் குடு" என்றாள் வெர்லா.

அன்றிலிருந்து இருபத்திரண்டு வருஷமாக, நகரத்தைச் சுற்றி, விடுமுறைக்கு வருகிறவர்கள் தங்கும் பதினோரு முகாம்களின் கழிவுத் தொட்டிகளைக் காலி செய்வது அவள் வேலை. கோபம் அந்த வேலையில் வந்து ஒட்டிக்கொண்டது. தொட்டிக்குள் துணி, பொம்மை, ஒருமுறை ஒரு முழு வாணலி. குழாயோடு அவள் மல்லுக்கட்டும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றிப் போகிறவர்களில் ஒருவராவது காலை வணக்கம் சொன்னதில்லை.

ஆனால் எந்த முகாமுக்குப் போகலாம் என்று கேட்கவேண்டுமென்றால் எல்லோரும் அவளிடம்தான் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காப்பிக் கோப்பையோடு சூழ்ந்துகொள்வார்கள். வெர்லா பூசி மெழுகமாட்டாள்.

"கூடாரமா, இல்ல படுக்கை, அடுப்போட வர்ற வீட்டு வண்டியா? வீட்டு வண்டின்னா ஏரிக்கரைக்குப் போ, கரண்டு, தண்ணி எல்லாம் ஒழுங்கா வரும். ஆனா ஆகஸ்ட் மாசம் போகாத. தண்ணி பச்சையா நாறும், நாய்கூடக் குடிக்காது. ஓக் தோப்புல தெக்குக் காத்து அடிச்சா பன்னிப் பண்ணை வாசம் தலையணைக்குள்ள வரும். ரயில் பாலத்துக்கிட்ட இருக்கிறது நல்ல இடந்தான், உனக்குக் காது கேக்காதுன்னா. பிள்ளைகளோட போறவங்க கக்கூஸைப் பாத்துட்டு அப்புறம் இடத்தைப் பதிவு பண்ணுங்க. கக்கூஸை ஒழுங்கா வச்சிருக்கிறவன் மத்ததையும் ஒழுங்கா வச்சிருப்பான்."

உள்ளூர் வாரப் பத்திரிகையின் ஆசிரியை மார்சீன் கால்டர் ஒரு ஞாயிறு இதையெல்லாம் பக்கத்து மேஜையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "வெர்லா, இதை அப்படியே எழுதிக் குடுங்களேன். கோடை ஆரம்பத்துல போடுவோம்" என்றாள். வெர்லா மூன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினாள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் பெயர் அச்சில் வரப்போகிறது என்பதில் உள்ளுக்குள் அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

வில்லோ பெண்ட் என்ற முகாமைப் பற்றி அவள் எழுதியது இது: "மேட்டு வரிசை வீட்டு வண்டிகளுக்கு. அருமையான இடம். கூடாரக்காரர்களைக் கீழ் வரிசையில், கீலர் ஓடைக்கரையில் போடுகிறார்கள். வடக்கே மழை பெய்தால் அங்கே பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள். அந்த வரிசை மூழ்கியதை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன்."

மே மாதக் கடைசியில் பத்திரிகை வந்தது. அவளுடைய புகைப்படத்தின் கீழே இப்படி இருந்தது: "மேட்டு வரிசை வீட்டு வண்டிகளுக்கு அருமையான இடம். கூடாரக்காரர்களுக்கு ஓடைக்கரையில் குளுகுளு நிழல். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்." எதிர்ப்பக்கத்தில் அரைப் பக்கத்துக்கு வில்லோ பெண்டின் விளம்பரம்.

வெர்லா பத்திரிகையைச் சுருட்டி எடுத்துக்கொண்டாள். லாரியைக் கொண்டுபோய்ப் பத்திரிகை அலுவலக வாசலிலேயே நிறுத்தினாள்.

"பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்னு நான் எழுதினேனா, மார்சீன்?"

"இடம் பத்தலை. கொஞ்சம் சுருக்கினோம்."

"சுருக்குனியா? நான் எழுதாததச் சேத்திருக்கியே, அதுக்கு மட்டும் இடம் எங்கேருந்து வந்துச்சு?"

மார்சீன் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "டுவைட் ரென்சிங் வருஷம் முழுக்க விளம்பரம் குடுக்கிறவர். அவர் முகாம் மூழ்கும்னு போட்டா வழக்குப் போடுவாரு. அடுத்த வாரம் ஒரு திருத்தம் போட்டுடறேன். சத்தியமா."

அடுத்த வாரம் திருத்தம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. ஹார்லன் நாற்காலியில் சாய்ந்தபடி, "உன் கோபத்துல ஒரு ஒயரச் சொருகுனா ஊருக்கே கரண்டு குடுக்கலாம். விடு, யாரு அந்தப் பத்திரிகையப் படிக்கிறாங்க?" என்றான்.

படித்திருந்தார்கள்.

ஜூலை நாலு, சுதந்திர தினத்தை ஒட்டிய சனிக்கிழமை. வில்லோ பெண்டில் ஓர் இடம் பாக்கியில்லை. மேட்டில் முப்பது வீட்டு வண்டிகள், குளிர்சாதனம் உறும. கீழே ஓடைக்கரையில் பதினேழு கூடாரங்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. ஆனால் இரவு வடக்கே இடியும் மழையுமாகக் கொட்டித் தள்ளியதாக வெர்லா விடியற்காலையில் வானொலியில் கேட்டிருந்தாள். பத்து மணிக்கு அவள் கீழ்க் கழிவறைகளைக் காலி செய்ய வந்தபோது ஓடையைப் பார்த்தாள். தண்ணீர் காப்பி நிறத்தில் இருந்தது. மேலே சோளத் தட்டைகளும் ஒரு வேலிக் கம்பமும் மிதந்து வந்தன.

டுவைட் ரென்சிங் தன் வீட்டு முன்னால் இருந்தான். வீட்டுக்கும் மேட்டு வரிசைக்கும் நடுவே இரண்டு ஏக்கர் புல்வெளி. அவன் தினமும் வெட்டி, சீவி, சங்கிலி கட்டி வைத்திருக்கும் புல்வெளி.

"டுவைட், கூடாரங்கள மேல ஏத்து. ஓடை வருது."

"வானத்தப் பாத்தியா? ஒரு மேகம் இல்ல."

"வானத்த எதுக்குப் பாக்கணும்? ஓடையப் பாரு. வடக்க ராத்திரி கொட்டியிருக்கு. இந்தப் புல்லுல எல்லாரையும் ஏத்திடலாம்."

"இது என் வீட்டு வாசல். மேல இருக்கிறவங்க இந்தக் காட்சிக்காகத்தான் வர்றாங்க. கூடாரத்த இங்க போட்டா துணி காயப்போடுவாங்க, அடுப்பு வைப்பாங்க. நீ வந்த வேலையப் பாத்துட்டுப் போ. உனக்குப் படம் போட்டதும் தலைகால் புரியல."

வெர்லா கீழே இறங்கினாள். லாரியின் ஹாரனை அழுத்திப் பிடித்தாள். ஜனங்கள் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். ஒவ்வொரு கூடாரமாகப் போய், "மூட்டையக் கட்டுங்க, மேல போங்க" என்றாள். சிலர் நகர்ந்தார்கள். சிலர் செப்டிக் லாரிக்காரி சொல்வதைக் கேட்பதா என்று நின்றார்கள்.

ஏழாவது கூடாரத்தில் போஸ்னியாவிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பம். செனாத் என்பவன் இறைச்சி ஆலையில் வேலை பார்ப்பவன். மனைவி மிரேலா, இரண்டு பெண் குழந்தைகள். முதல் தடவையாகக் கூடாரத்துக்கு வந்திருக்கிறார்கள், விலைச் சீட்டுகூடக் கிழிக்காத புதுக் கூடாரம். செனாத் அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த பத்திரிகைத் துண்டு ஒன்றை எடுத்து விரித்தான்.

"அம்மா, இது நீங்கதானே? இங்க பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? அதப் பாத்துதான் வந்தோம்."

வெர்லா அந்தத் துண்டைப் பார்த்தாள். நான் அப்படி எழுதவில்லை என்று சொல்லலாம். சொல்லி என்ன? படத்தில் இருப்பது அவள் முகம். இவன் ஒரு முகத்தை நம்பிப் பிள்ளைகளைக் கூட்டி வந்திருக்கிறான்.

"அது பொய். இப்ப நான் சொல்றதுதான் நிஜம். பிள்ளைகளத் தூக்கு" என்றாள்.

அப்போதுதான் அவளுக்கு உண்மையான கோபம் வந்தது. அதுவரை வந்ததெல்லாம் வெறும் எரிச்சல். லாரியில் ஏறி, மேட்டுப் பாதையில் ஏற்றி, புல்வெளிக்குக் குறுக்கே கட்டியிருந்த சங்கிலியை அப்படியே இடித்துக்கொண்டு உள்ளே போனாள். மரக்கம்பம் இரண்டாய் ஒடிந்தது. பத்து டன் லாரி அந்தச் சீவின புல்லில் சாண் ஆழத்துக்குத் தடம் போட்டது. டுவைட் வீட்டுக்குள்ளிருந்து கத்திக்கொண்டு ஓடிவந்தான்.

"என் புல்லு! பைத்தியக்காரி, என் புல்லு!"

"உன் புல்லு முளைக்கும்டா!" என்று கத்தினாள் வெர்லா. "கீழ இருக்கிற உசுரு முளைக்காது!"

கூடாரக்காரர்கள் அவள் திறந்துவிட்ட வழியே ஏறி வந்தார்கள். கழற்ற நேரமில்லாமல் கூடாரத்தை நாலு மூலையில் பிடித்துப் பந்தல் போல் தூக்கி வந்தவர்களும் உண்டு. வீட்டு வண்டிக்காரர்களில் நாலைந்து பேர் ஓடிப்போய்ச் சாமான் சுமந்தார்கள். ஒரு பெண்மணி மட்டும் நிழற்கூரைக்குக் கீழே உட்கார்ந்தபடி, இந்தச் சத்தத்துக்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டரைக்குத் தண்ணீர் கரை ஏறியது. ஒரு மணிக்குக் கீழ் வரிசையின் சாப்பாட்டு மேஜைகள் தெரியவில்லை. செனாத்தின் கார் அங்கேயே நின்று, மெல்லத் திரும்பி, மரத்தில் போய் முட்டியது. மிரேலா சின்னவளை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை.

மாவட்டப் போலீஸ் தலைவரான ஷெரீப்பின் அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் வந்தார், டுவைட் கூப்பிட்டதால். சங்கிலியை உடைத்தது, அத்துமீறி நுழைந்தது என்று டுவைட் அடுக்கினான். அவர் ஓடையைப் பார்த்தார், புல்வெளியைப் பார்த்தார், குறிப்பேட்டை மூடிவிட்டார்.

அந்த வாரப் பத்திரிகையில் முதல் பக்கப் படம் வந்தது: புல்வெளியில் பதினேழு கூடாரங்கள். தலைப்பு: "சமயோசிதமாகத் தன் வீட்டு வாசலைத் திறந்துவிட்ட முகாம் உரிமையாளர்." வெர்லாவின் பெயர் எங்கும் இல்லை. அதே வாரம் டுவைட் அவளை வேலையிலிருந்து நிறுத்தினான். வம்பு பிடித்தவள் என்று இன்னும் இரண்டு முகாம்களும் நிறுத்தின.

மார்சீன் தேவாலய வாசலில் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிடுங்க வெர்லா, எனக்கே மனசு கேக்கல" என்றாள். கண் கலங்கியிருந்தது.

"அத அச்சுல போடு" என்று கையை உருவிக்கொண்டாள் வெர்லா. "என் காதுல சொல்லாத."

செப்டம்பரில் மாவட்ட நிர்வாகக் குழுவின் கூட்டம். ஓடைக்கரையில் இராத் தங்குவதைத் தடை செய்ய வேண்டும் என்று வெர்லா மனுக் கொடுத்திருந்தாள். பேச மூன்று நிமிடம். ஹார்லன் முந்தின நாள் அவளை நாலு தடவை பேசிப் பழகவைத்தான். எல்லாம் வீண். முன்வரிசையில் டுவைட், வெளுத்த சட்டையோடு, உபசாரமாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எழுதி வந்த தாள் அவளுக்கு மறந்துபோனது. பதினேழு குடும்பத்தைவிடப் புல் பெரிதாகிவிட்டதா என்று ஆரம்பித்து, பொய் எழுதினவள், அதற்குக் காசு கொடுத்தவன், தலையாட்டினவர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. தலைவர் சுத்தியால் தட்டினார். ஒலிவாங்கியை அணைத்தார்கள். அவள் அணைந்த ஒலிவாங்கிக்கு முன்னால் கத்திக்கொண்டே இருந்தாள்.

பின்வரிசையிலிருந்து செனாத் எழுந்தான். ஆலைச் சீருடையிலேயே வந்திருந்தான். தட்டுத் தடுமாறி, சொல்லைத் தேடித் தேடிப் பேசினான்.

"எனக்குச் சட்டம் தெரியாது. நாங்க நல்ல இடம்னு நினைச்சுத்தான் அங்க போனோம். யாரும் எங்களக் கீழ போடறோம்னு சொல்லல. மேல இருக்கிறவங்க தூங்கின இடத்துல தண்ணி வராதுன்னு அவருக்குத் தெரியும். எங்க இடத்துல வரும்னும் தெரியும். அவ்வளவுதான்."

மூன்றுக்கு இரண்டு என்ற வாக்குக் கணக்கில் தீர்மானம் நிறைவேறியது. கீழ் வரிசையில் இனிப் பகலில் மட்டும்தான் ஆட்கள் இருக்கலாம்.

வெளியே வந்ததும் டுவைட் அவளிடம் கையை நீட்டினான். "நடந்தது நடந்துபோச்சு வெர்லா. பக்கத்துப் பக்கத்துல இருக்கிறவங்க நாம."

வெர்லா அந்தக் கையைப் பார்த்தாள், பிடித்துக் குலுக்கவில்லை. செனாத்துக்கு இன்னும் கார் வாங்க முடியவில்லை. அவனை லாரியில் ஏற்றிக்கொண்டாள். அவன் மூக்கைப் பொத்தவில்லை. ஆலை வாசலில் லாரியை நிறுத்தினாள். அவன் இறங்கிப் போன பிறகும், ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த அவள் விரல்கள் தளர வெகுநேரம் ஆயிற்று.