ஆர்மீனிய மண்டபத்தின் தரை

பார்லரில் தலைக்குச் சாயம் பூசும்போது மூக்கில் ஏறுகிறது அமோனியா நெடி. வயதை மறைக்கப் போன இடத்தில் பழைய வயது வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. எண்பதுகளின் கடைசியில், தாம்பரத்தில் நாங்கள் கட்டட பிளான்களை அமோனியாவில் காட்டிப் பிரிண்ட் எடுத்த அறை முழுக்க இதே நெடிதான். அந்த ஆபீசில் அவன் டிராப்ட்ஸ்மேன். அவன் பென்சிலில் வரைந்ததை டிரேசிங் தாளில் மையால் ஏற்றுவது என் வேலை. காதலித்தோம். அவன் வீடு கிறிஸ்தவ வீடு, என் வீடு இல்லை.

முடிச்சூர்ப் பக்கம், வயலை மனையாக்கிய இடத்தில், அவன் சபைக்குப் புதுக் கோயில் கட்ட முடிவானது. பிளான் போடும் வேலை அவனுக்கு வந்தது.

“இந்த பிளான் பாஸ் ஆகட்டும். தனியா ஆபீஸ் போடறேன். வீட்ல நம்ம விஷயத்தையும் சொல்லிடறேன்” என்றான். என் வாழ்க்கை அந்த வரைபலகையில் குண்டூசி குத்திக் கிடந்தது.

பழைய பேப்பர் கடையில் கிடைத்த ரஷ்யப் பத்திரிகையின் வழவழத் தாளில் இருந்தது ஒரு ஆர்மீனிய மடாலயம். எழுநூறு எண்ணூறு வருஷத்துக் கல். படையெடுப்பு, கொள்ளை, நிலநடுக்கம். இடிய இடியக் கட்டியிருக்கிறார்கள். கூம்புக் கூரை வைத்த சின்னக் கோயில், அதற்கு முன்னால் அதைவிடப் பெரிய சதுர மண்டபம். நடுவில் ஒரு தூண் கிடையாது. ஒன்றையொன்று வெட்டிப்போகும் வளைவுகள் கூரையைத் தாங்கின. வெளிச்சம் உச்சித் திறப்பு வழியாக மட்டும். பிரபுக்களும் மடத்துத் தலைவர்களும் அந்தத் தரைக்கடியில் புதைந்து கிடந்தார்கள், வருகிறவன் போகிறவன் மிதிக்கட்டும் என்று. தாழ்மையாம்.

அவன் அதை நம்பிவிட்டான். உச்சித் திறப்போடு அதே மாதிரி மண்டபம் வரைந்து, நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்களை அதன் தரையில் பதிப்பதாகக் காட்டினான்.

சபையின் கட்டடக் கமிட்டி எங்கள் ஆபீசுக்கே வந்தது. உச்சித் திறப்பைப் பார்த்துப் பொருளாளர் சிரித்தார். “மழை பெஞ்சா இன்னா பண்றது பிரதர், குடை புடிச்சிகினு பாட்டுப் பாடறதா?”

செயலாளர் சிரிக்கவில்லை. வரைந்த தரைமேல் விரலை ஊன்றினார். “எங்கப்பா பேரைக் கால்ல மிதிப்பானுங்களா?”

“கோயில் படிக்கட்டுல பேர் வெட்டறாங்களே சார்…” என்றான் அவன்.

“அது அவங்க கோயில்.” திரும்பி என்னைப் பார்த்தார். “இந்தப் பொண்ணு சொல்லிக் குடுத்துதா? வெளியில பேசிக்கறது நெசந்தானா தம்பி?”

அவன் ஸ்கேலைத் துடைத்தான். “சேச்சே. அவங்க இங்க வேலை செய்யறவங்க சார். அவ்ளோதான்.”

செத்த பிரபுக்களின் தாழ்மையை வாய் ஓயாமல் பேசியவன்.

பிளான் வேறு ஆளுக்குப் போனது. பெயர்கள் பளிங்கில் சுவரேறின, கண்ணுயரத்தில், மாலை போட வசதியாக. உச்சியில் டியூப்லைட்.

அவனுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. ஏர்போர்ட்டுக்கு மின்சார ரயிலில் போய்த் திரிசூலத்தில் இறங்க வேண்டும். தாம்பரம் பிளாட்பாரத்தில் பெட்டியோடு நின்றான்.

“உனக்குக் கெட்ட பேர் வரக்கூடாதுன்னுதான் அன்னிக்கு அப்படிச் சொன்னேன். போனதும் லெட்டர் போடறேன்.”

“வேணாம். நாலு பேர் முன்னாடி சொல்லாதத லெட்டர்ல எழுதி என்ன பண்ணப் போறே? ஏறு, வண்டி கெளம்புது.”