இருபது மல்லாட்டை, இருபது சீட்

எனக்கு முதன்முதலில் கிடைத்த உத்தியோகம் மல்லாட்டை தின்பது; வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். அந்த வேலையையும் நான் ஒழுங்காகச் செய்யவில்லை.

அப்பாவின் கடைசித் தங்கையான அத்தை அந்த வருடம்தான் பிளஸ் டூ முடித்திருந்தாள். திண்டிவனத்தில் கல்லூரிக் கலந்தாய்வு. அப்பாவும் அத்தையும் எங்கள் ஊர் காணையிலிருந்து விழுப்புரம் போய், பஸ் மாறிப் போனார்கள். எட்டு வயதான நானும் அழுது அடம்பிடித்து ஒட்டிக்கொண்டேன். அத்தைக்கு பி.எஸ்சி. கணிதம் வேண்டும். அப்பாவுக்கு வேதியியல். கரும்பு ஏற்றிக்கொண்டு சர்க்கரை ஆலைக்குப் போகும்போதெல்லாம் அங்கே ஆய்வகத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண்களைப் பார்த்து அவருக்கு வந்த ஆசை அது. ஒரு மாதச் சண்டை ஒப்பந்தத்தில் முடிந்திருந்தது: கணிதம் இருந்தால் கணிதம், தீர்ந்துபோயிருந்தால் வாயைத் திறக்காமல் வேதியியல்.

மதிப்பெண் வரிசைப்படி கூப்பிட்டார்கள். கணிதத்தில் இருபது சீட்தான் மிச்சம் என்று வாசலில் இருந்தவர் சொன்னார். அத்தைக்கு முன்னால் இன்னும் அறுபது பேர். பஸ் ஸ்டாண்டில் வாங்கிய வேகவைத்த மல்லாட்டையில் இருபதை எண்ணி என் பாவாடை மடியில் போட்டாள் அத்தை.

"வெளிய வர்றவங்கள கேட்டுக்கினே இரு. கணக்கு எடுத்தேன்னு யார்னா சொன்னா ஒண்ணு தின்னு. வேற எதுன்னா தொடாத."

கல்லூரிக்கே நான்தான் முதல்வர் என்ற தோரணையில் எல்லோரையும் மறித்து விசாரித்தேன். இயற்பியல், இயற்பியல் என்று வரிசையாக வந்தவர்கள்மேல் கடுப்பாக இருந்தது. பசி வேறு. ஒன்று தின்றேன். உப்பு சரியாக இருந்ததால் இன்னொன்று.

அத்தையைக் கூப்பிட்டபோது மடியில் வெறும் தோல்தான் கிடந்தது. தீர்ந்துவிட்டது என்றேன். அத்தையின் கண் கலங்கிவிட்டது. அப்பாவுக்குச் சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை.

"சரி வுடு பாப்பா. கெமிஸ்ட்ரின்னு சொல்லிட்டு ஜல்தியா வா."

தலையாட்டிவிட்டுப் போன அத்தை, திரும்பி ஓடிவந்தாள். என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். கணிதம் கிடைத்துவிட்டது! இன்னும் இரண்டு சீட் இருந்ததாம். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்று அப்பா சிரித்து, பையில் மீதியிருந்த மல்லாட்டையை வாசல்காரருக்கு அள்ளிக் கொடுத்தார்.

திரும்பும்போது பஸ் முழுக்க என் எண்ணிக்கையைப் பற்றித்தான் கிண்டல். எனக்கு ரோஷம். நான் சொன்னதை அத்தை நம்பவே இல்லை, அதனால்தான் கணிதம் கேட்டாள் என்று வருடக்கணக்காகக் கோபத்தை வைத்திருந்தேன். திருட்டுத்தனமாகத் தின்ற அந்த இரண்டைப் பற்றி மூச்சு விடவில்லை.

அத்தை இப்போது மயிலம் பக்கம் ஒரு பள்ளியில் கணித ஆசிரியை. போன மாதம்தான் அவளிடம் உண்மையை ஒப்புக்கொண்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அன்று என்னை முழுசாக நம்பினாளாம். ஒரு சீட்கூட இல்லை என்று நினைத்துக்கொண்டேதான் உள்ளே போனாளாம்.

"அப்புறம் ஏன் அத்தை கணக்கு கேட்ட?"

"என்ன வேணும்னு கேட்டாங்கடி. என்ன இருக்குதுன்னா கேட்டாங்க?"