வேர்க்கடலைக்கு ஆடிய ஆட்டம்

யுகாதிக்கு மறுநாள் எங்கள் தெருவில் யாரும் யாருக்கும் புத்தி சொல்ல மாட்டார்கள். மைசூரில் அந்த நாளுக்கு ஹொஸதொடகு என்று பெயர். விடிந்ததும் கறிக்கடை முன்னால் வரிசை நிற்கும். எட்டு மணிக்குள் வாசலுக்கு வாசல் பாய் விரித்து சீட்டாட்டம் தொடங்கிவிடும். வருஷம் முழுக்க சீட்டைத் தொடாத பள்ளிக்கூட வாத்தியார்கூட அன்றைக்கு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பெண்களுக்குத் தனிப் பாய், பிள்ளைகளுக்குத் தனிப் பாய். அன்றைக்கு ஒருவருக்கு என்ன நடக்கிறதோ அதுவே வருஷம் முழுக்க நடக்கும் என்பது நம்பிக்கை. ஹனூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களான நாங்கள் எதை எதையோ குறை சொல்லுவோம், தண்ணீர் சரியில்லை, சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள் என்று. இந்தப் பண்டிகையை மட்டும் ஒரு வார்த்தை சொல்லாமல் எங்களுடையதாக்கிக்கொண்டோம்.

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம், தெருவிலேயே எங்கள் வீட்டுக் கதவு மட்டும் அன்றைக்குச் சாத்தியிருந்தது. உள்ளே என் அப்பா இருந்தார்.

அப்பா வெல்டர். ஜன்னல் கம்பி, கேட், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்வார். கை சுத்தம் என்று பெயர் வாங்கியவர். போனில் ரம்மி ஆடத் தொடங்கிய பிறகு அந்தப் பெயரும் போனது, வண்டியும் போனது, அம்மாவின் தாலிக்கொடியும் போனது. அம்மா கழுத்தில் மஞ்சள் கயிறோடு ஊதுபத்திக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்வந்தாள். எனக்கு அப்போது இவையெல்லாம் தனித்தனிச் சங்கதிகள். வண்டி இல்லாததால் நடந்து போகிறோம், அவ்வளவுதான். போன் வேறு, வண்டி வேறு என்றுதான் நினைத்திருந்தேன்.

அவரைக் கரையேற்ற முயன்றவர் கண்டக்டர் மாமா. மேட்டூர் பஸ்ஸில் எல்லையிலுள்ள பாலாறு செக்போஸ்ட் தாண்டித் தாண்டியே தமிழ் கற்றுக்கொண்ட கன்னடக்காரர். ஒரு காலத்தில் அவரும் சீட்டாட்டத்தில் வீட்டை இழந்தவர்தான். அவரைப் போன்ற பத்துப் பன்னிரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு நர்சரிப் பள்ளியின் மாடி அறையில் கூடுவார்கள். பெரிய பெரிய ஆட்கள் எல்.கே.ஜி. நாற்காலியில் முழங்காலை நெஞ்சோடு மடக்கி உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவராக எழுந்து, ஆடாமல் எத்தனை நாள் ஆயிற்று என்று சொல்ல வேண்டும். தவறி ஆடிவிட்டால், சீட்டு எப்படிக் கைக்கு வந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். யாரும் திட்ட மாட்டார்கள். பொய் மட்டும் சொல்லக் கூடாது.

அப்பா அங்கே போகத் தொடங்கி இருநூறு நாள் தாண்டியிருந்தது. அவருடைய போனை கண்டக்டர் மாமாவே வாங்கி வைத்துக்கொண்டு ஒரு பட்டன் போனைக் கொடுத்திருந்தார். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அதில் கூப்பிடுவார். "இருக்கியா? சரி, இரு," அவ்வளவுதான் பேச்சு. நூறாவது நாளில் அறையிலிருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து அப்பாவுக்கு ஒரு வெல்டிங் மிஷின் வாங்கிக் கொடுத்தார்கள். அவர்களில் பாதிப் பேர் சொந்த வீட்டிலேயே சோற்றுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள். எப்படித்தான் வாங்கினார்களோ. மிஷின் வந்த அன்று அம்மா அதற்குக் குங்குமம் வைத்துவிட்டு, அடுப்படிக்குப் போய் அழுதாள்.

ஆனால் அந்த இருநூறு நாளும் அப்பா சிரிக்கவில்லை. இதுதான் எனக்குத் தெரிந்த ஒரே உண்மை. சீட்டாடிய காலத்தில், ஜெயித்த நாட்களில், என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைக்குப் போவார். விட்ட பிறகு வேலைக்குப் போனார், வந்தார், சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். நல்லவரான அப்பாவை எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்று இப்போது சொல்வதற்கு நாக்கூசுகிறது. அதுதான் நிஜம்.

ஹொஸதொடகு அன்று மைசூரில் எந்தத் தெருவில் நடந்தாலும் சீட்டு கண்ணில் படும். அதனால் அந்த அறைக்காரர்கள் வருஷா வருஷம் அன்றைக்கு பஸ் ஏறி மேல்கோட்டைக்குப் போய், மலை மேல் பொழுதைக் கழித்துவிட்டுத் திரும்புவார்கள். அப்பாவைக் கூட்டிப்போக கண்டக்டர் மாமா ஒன்பது மணிக்கு வருவதாக ஏற்பாடு. அதுவரைக்கும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க வேண்டியது. அம்மா எட்டு மணிக்குக் கறி வாங்கப் போனாள். போகும்போது, "அப்பா கூடவே இரு, வெளிய போகாத," என்று என்னிடம் சொன்னாள். எதற்கு என்று சொல்லவில்லை. எட்டு வயதுப் பிள்ளையிடம் எதற்கு என்று யார் சொல்லப்போகிறார்கள்.

வெளியே ஒரே சிரிப்பு. யாரோ ஜன்னலைத் தட்டி, "ஏன்ணா, ஒரு கைகூடப் போடலியா? சகுனத்துக்காவது வாங்க," என்றார்கள். அப்பா ஜன்னல் கொக்கியையும் மாட்டிவிட்டு மூலையில் உட்கார்ந்தார். பனியனெல்லாம் வியர்த்திருந்தது. முகம் செத்துக் கிடந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.  இன்றைக்கு இப்படி உட்கார்ந்திருந்தால் வருஷம் முழுக்க இப்படியே அல்லவா உட்கார்ந்திருப்பார். ஊரே நம்புகிற சங்கதி, பெரியவர் ஒருவருக்குத் தெரியாமல் போயிற்றே என்று எனக்குக் கவலை.

புழக்கடை வழியாகப் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஓடி, ஓரம் பிய்ந்த பழைய சீட்டுக்கட்டு ஒன்றும் ஒரு கிண்ணம் வேர்க்கடலையும் வாங்கிவந்தேன். அப்பா முன்னால் வைத்தேன்.

அவர் பாம்பைக் கண்டவர் போலக் காலை இழுத்துக்கொண்டார். "வேண்டாஞ் சாமி. அப்பா இதத் தொடக் கூடாது. கொண்டுபோய்க் குடுத்துரு."

"கடலைக்குத்தாம்ப்பா. ஒரே ஆட்டம்."

"வேண்டாங் கண்ணு."

நான் அழுதேன். பொய் அழுகை இல்லை. "நீங்க இன்னைக்கு சிரிக்கலைன்னா வருஷம் பூரா இப்படித்தான் இருப்பீங்க," என்று தேம்பினேன். அப்பா என் கண்ணைத் துடைத்துவிட்டார். அப்புறம் கட்டைக் கையில் எடுத்தார்.

அந்தக் கை. நான் கலைத்தால் நாலு சீட்டு கீழே விழும். அவர் கையில் சீட்டுகள் தண்ணீராக ஓடின. உள்ளே வெளியே ஆடினோம். ஒரு சீட்டை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் போட, அதே எண் எந்தப் பக்கம் விழும் என்று பந்தயம். நான் உள்ளே என்றேன், உள்ளே விழுந்தது. மறுபடி உள்ளே என்றேன், மறுபடி விழுந்தது. என் பாவாடை மடி நிறையக் கடலை. அப்பா சிரித்தார். பல் தெரியச் சிரித்தார். "அடி கள்ளி, எங்கடி கத்துக்கிட்ட," என்று என் கன்னத்தைப் பிடித்து ஆட்டினார். நான் கடலையை உரித்து அவர் வாயில் ஊட்டினேன். ஒரு வருஷத்துக்கான சிரிப்பைச் சம்பாதித்துக் கொடுத்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

அவர் கிண்ணத்தில் கடலை தீர்ந்தது. அப்பா சீட்டுகளை அடுக்கித் தட்டி, கையிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "நானே குடுத்துட்டு வந்தர்றேன். நீ இரு சாமி," என்று எழுந்து கதவைத் திறந்தார். வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக உள்ளே வந்தன. அவர் திரும்பி வரவில்லை.

ஒன்பது மணிக்கு கண்டக்டர் மாமா வந்தார். தோளில் பை, கையில் புளிசாதப் பொட்டலம். "ஏன் புட்டி, கண்ணு, அப்பா எல்லி, எங்க?" என்றார். பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றேன். அவர் தரையில் கிடந்த கடலைத்தோலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் இறங்கி ஓடினார். அன்றைக்கு மேல்கோட்டைக்கு யாரும் போகவில்லை. அறைக்காரர்கள் ஆளுக்கொரு தெருவாகத் தேடினார்கள். சீட்டாட்டத்திலிருந்து தப்பிக்க ஊரைவிட்டே ஓடவேண்டிய மனிதர்கள், அவரைத் தேடி ஒவ்வொரு பாயாகப் போய் நின்றார்கள். அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குப் புரியப் பல வருஷம் ஆயிற்று.

மறுநாள் மத்தியானம் ஊருக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பில் அப்பா அகப்பட்டார். பட்டறையில் வைத்திருந்த வெல்டிங் மிஷின் அதற்குள் கைமாறிவிட்டது. கண்டக்டர் மாமா அவரை ஆட்டோவில் கொண்டுவந்து வாசலில் இறக்கி, குளிக்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைத்தார். "மொதல் நாள்னா மொதல் நாள். அஷ்டே, அவ்வளவுதான். ஞாயித்துக்கெழம வந்து சொல்லு," என்றார். அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

அம்மா அன்றைக்குக் கத்தவில்லை. "உங்க பொய்யக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப்போச்சு. மிஷின் போனாப் போகுது. இனி ஒரே ஒரு பொய் சொன்னீங்கன்னா புள்ளயக் கூட்டிட்டு ஹனூர் போயிருவேன்," என்றாள். சொன்னால் செய்கிறவள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கம்பெனியில் வேலை. என்னைத்தான் அப்பாவோடு அனுப்பினாள். தலைவாரிவிடும்போது காதோரம் சொன்னாள்: "அங்க பொய் சொல்லக் கூடாதாம். அங்கயாவது உண்மையப் பேசறாரான்னு கேட்டுட்டு வா."

நானும் ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்து கவனித்தேன். அப்பா எழுந்தார். "இன்னைக்கு நாலாவது நாள்," என்றார். இருநூறைத் தாண்டிய மனிதர் நாலு என்று சொல்லும்போது குரல் பிசிறியது. முன்வரிசையில் ஒருவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். யாரோ, சீட்டு எப்படிக் கைக்கு வந்தது என்று கேட்டார்கள்.

அப்பா என் பக்கம் ஒரு தரம் பார்த்தார். "நாந்தான் பக்கத்து வீட்டுல போய் வாங்குனேன். புள்ள தூங்கிட்டிருந்தா. கதவத் தொறந்து நானாத்தான் போனேன்," என்றார்.

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. நான் எங்கே தூங்கினேன். நான்தானே வாங்கிவந்தேன், நான்தானே ஜெயித்தேன், நான்தானே அவரைச் சிரிக்க வைத்தேன். அத்தனையையும் ஒன்றுமில்லாமல் செய்துவிட்டாரே. அதுவும் பொய்யே சொல்லக் கூடாத இடத்தில். நான் கண்டக்டர் மாமாவைப் பார்த்தேன். கடலைத்தோலைக் கண்ணால் பார்த்தவர், அவராவது கேட்பார் என்று நினைத்தேன். அவர், "சரி, உக்காரப்பா," என்று மட்டும் சொன்னார். வீடு வரும்வரை நான் அப்பாவின் கையைப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் அம்மா கேட்டாள். "பொய் சொன்னாரா?"

"ம்," என்றேன்.

"என்ன பொய்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொன்னால் சீட்டுக்கட்டு யார் கொண்டுவந்தது என்பதும் வெளியே வரும். முதுகு பிய்ந்துவிடும். "கன்னடத்துல பேசினாங்க. புரியல," என்றேன். கன்னடப் பள்ளியில் முதல் மார்க் வாங்குகிற பெண் சொன்ன பதில். அம்மா வேறு நாளாக இருந்தால் பிடித்திருப்பாள். அன்றைக்கு அவளுக்கு அதற்குக்கூடத் தெம்பில்லை. பரணிலிருந்து பையை இறக்கினாள்.

அதற்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் ஒரு வீட்டில் இருந்ததில்லை. அப்பா மைசூரிலேயே தங்கினார். நாலு ஐந்தாகி, இருபதாகி, மறுபடி ஒன்றாகி, அப்படியே ஓடிக்கொண்டிருந்ததாகக் கண்டக்டர் மாமா வருஷத்துக்கொரு தரம் போனில் சொல்லுவார். இன்றைக்கு எத்தனையாவது நாள் என்று கேட்க எனக்குத் துணிச்சல் வந்ததில்லை.

அம்மா பையை இறக்கிய மறுநாள் காலையில், ஹனூருக்குப் போக கொள்ளேகால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். அப்பா பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தார். கண்டக்டர் மாமா சற்றுத் தள்ளி நின்றார். அப்பா ஜன்னல் வழியாக எனக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். டிரைவர் ஏறிவிட்டார். அம்மா எனக்கு மேலாகக் குனிந்து அவரிடம் கேட்டாள். அவ்வளவு தணிந்த குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை.

"நேத்து அங்க என்ன பொய் சொன்னீங்க? அத மட்டும் சொல்லீருங்க. எறங்கிடறேன்."

 அப்பா என்னைப் பார்த்தார். அம்மாவுக்குத் தெரியாமல், வேண்டாம் என்று தலையை அசைத்தேன். அவர் கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

"என்னமோ சொன்னேன். நெனப்பில்ல," என்றார்.

அம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பஸ் நகர்ந்தது. அப்பா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லையே என்று எனக்குத் தாங்காத சந்தோஷம். சீட்டில் முட்டிபோட்டு ஏறி, ஜன்னல் வழியாக அவர் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் இரண்டு கையாலும் டாட்டா காட்டினேன்.