இஷொய்யில் கிடைத்த பிலிப்பைன்ஸ் சண்டைப் படங்கள்

எண்பதுகளின் கடைசி. தமிழர்கள் தங்கள் குடும்பங்களை டென்மார்க்குக்கு அழைக்கக் கொடுத்த விண்ணப்பங்கள் நகராமல் கிடந்த காலம். மனைவி யாழ்ப்பாணத்தில், நான் வைலேயில் ஓர் அறையில். தொழிற்சாலையில் கூட வேலை செய்த பிலிப்பைன்ஸ்காரர் தந்த பழைய சண்டைப் பட வீடியோக் கசெட்டுகள்தான் எனக்கு மாலைத் துணை. பாஷை விளங்காது. ஆனாலும் அடிபட்டு ஊரைவிட்டுப் போனவன் திரும்பிவந்து வீட்டுக் கதவைத் தட்டும்போது ஒவ்வொரு முறையும் கண் கலங்கிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக நானும் சேர்க்கத் தொடங்கினேன்.

கோப்பன்ஹேகனுக்கு அருகே இஷொய்யில் லீட்டா என்ற பிலிப்பைன்ஸ் பெண் நாடு திரும்புகிறார், காலஞ்சென்ற கணவரின் கசெட்டுகளை யாருக்காவது கொடுக்கப்போகிறார் என்று அந்தத் தொழிற்சாலை நண்பர்தான் சொன்னார். ஒரு குளிர்காலச் சனிக்கிழமை காலையில் புறப்பட்டேன்.

அப்போது தீவுகளுக்கு நடுவே கடலில் பாலம் கிடையாது. நியூபோர்க்கில் ரயிலையே கப்பலில் ஏற்றிவிடுவார்கள். கடலைக் கடக்க ஒரு மணி நேரம். மேல்தளத்தில் பிள்ளைகள் ஓடித் திரிந்தார்கள். நான் கண்ணாடியருகே நின்றேன். கோப்பன்ஹேகன் போய்ச் சேர நாலு மணி நேரத்துக்கு மேல். அங்கிருந்து எஸ்-ரயில் என்ற நகர ரயிலில் இன்னும் அரை மணி நேரத்துக்குள்.

லீட்டா அரைகுறை டேனிஷில் ஒரு நிபந்தனை சொன்னார். அவர் கணவர் இளமையில் மணிலாவில் கதாநாயகர்களுக்குப் பதிலாக உயரத்திலிருந்து விழுகிறவர். எந்தப் படத்தில் என்று மனிதர் ஒருநாளும் சொன்னதில்லை. லீட்டா எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டார், அகப்படவில்லை. கண்டுபிடித்துத் தந்தால் எல்லாக் கசெட்டும் எனக்கு.

சுவரில் இருந்த புகைப்படத்தில் கணவரின் இடது தோள் சற்றுத் தாழ்ந்திருந்தது. அந்தத் தோளை நான் ஒரு படத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். லீட்டாவின் குவியலில் அந்தப் படத்தின் கசெட்டைத் தேடியெடுத்து ஓடவிட்டேன். கதாநாயகனின் சட்டையோடு ஒருவர், முதுகைக் காட்டியபடி, பல்கனியிலிருந்து மீன் கூடைகள் மேல் விழுந்தார்.

லீட்டா பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கடைசி நாளில குசினியிலும் இப்பிடித்தான் விழுந்தவர். விளையாடுறார் எண்டு நினைச்சு நான் சிரிச்சனான்."

அந்தக் கசெட்டை அவரிடமே விட்டுவிட்டு மற்றவற்றைப் பையில் அடுக்கினேன்.

இப்போது ரயில் கப்பலில் ஏறுவதில்லை. போய்விட்டு அன்றே சுகமாகத் திரும்பலாம். பழைய கசெட்டு வாங்கினால் நிமிர்த்தி வையுங்கள், ஹீட்டர் பக்கத்தில் வேண்டாம். வாங்குமுன், எதைத் தாங்களே வைத்திருக்க விரும்புகிறார்கள் என்று வீட்டுக்காரரைக் கேளுங்கள்.

லீட்டா வீட்டிலிருந்து திரும்பிய அன்றிரவு, இதை மனைவிக்கு எழுதலாமென்று உட்கார்ந்தேன். குண்டு விழும் ஊருக்கு இதை எப்படி எழுதுவது? அவள் இங்கு வந்துசேர்ந்த பிறகுதான் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அண்டைக்கு அங்கை சாப்பிட்டனீங்களோ?" என்றாள்.

"ஓம். சோறும் மீனும் தந்தவ."

அந்தக் குளிர்காலம் முழுக்க இன்னொருவரோடு உட்கார்ந்து நான் சாப்பிட்டது அன்று மட்டும்தான்.