கொல்லிமலை இறக்கத்தில் சுட்ட ரிம்

இருபது வருடமாக நாமக்கல்லில் லாரி ஓட்டும் நான், உடம்பைக் குறைக்க சைக்கிள் வாங்கினேன். ஆறாவது மாதமே கொல்லிமலையின் எழுபது வளைவுகளையும் காலை ஊன்றாமல் ஏறிவிட்டேன்!

இறங்கும்போதுதான் பயம். பிரேக்கைப் பிடித்தபடியே வந்தேன். ஒரு வளைவில் முன் டியூப் வெடித்து, தடுப்புச் சுவரில் மோதி விழுந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளம்.

ஸ்கூட்டரில் பின்னால் வந்த மனைவி ரிம்மைத் தொட்டுவிட்டுக் கையை உதறினாள். "ஏனுங்க, இப்படிக் கொதிக்குது! இந்தச் சூட்டுல டியூப் வெடிக்காம என்ன பண்ணும்? பிரேக்கை உட்டு உட்டுப் புடிக்கோணும்னு புது டிரைவருங்களுக்கெல்லாம் பாடம் எடுப்பீங்களே, உங்களுக்கு யாருங்க சொல்றது?"

இப்போதெல்லாம் விட்டு விட்டுத்தான் பிடிக்கிறேன். பத்து வளைவுக்கொரு முறை நின்று ரிம்மைத் தொட்டுப் பார்க்கிறேன். போன ஞாயிறு எழுபதும் ஏறி, எழுபதும் இறங்கினேன். அடிவாரத்தில் மனைவியும் தொட்டுப் பார்த்தாள். கையை உதறவில்லை, என் முதுகில் தட்டினாள்.